கணையத்தைத் தின்ன ஆசைப்பட்ட பெண்

தலைப்பைப் பார்த்துவிட்டு, நம் சங்க மலரில் ஏதோ பேய்க்கதை வந்துவிட்டது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது ஒரு ஜப்பானியத் திரைப்படத்தின் பெயரை ஒட்டி வைத்த தலைப்பு. ‘உன் கணையத்தைத் தின்ன வேண்டும்’ என்பதுதான் அந்தப் படத்தின் பெயருக்குப் பொருள். முதலில் கேட்டபோது எனக்கும் குமட்டிக்கொண்டுதான் வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “தாத்தா, தூங்காம முழுசாப் பாருங்க. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். என்ன கேட்டாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யோரு சுமினோ என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவல் இது. 2015-இல் வெளிவந்தது. 2017-இல் ஷோ ட்சுகிகாவா இயக்கத்தில் படமாயிற்று. மறு ஆண்டே கார்ட்டூன் வடிவிலும் வந்தது. நான் பார்த்தது மனிதர்கள் நடித்த 2017 படத்தை. முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம்.

யாரோடும் பேசாத, புத்தகமே கதி என்று கிடக்கும் ஒரு பள்ளி மாணவன். ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் யாரோ தவறவிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிறான். தனக்குக் கணையத்தில் தீராத நோய், அதிக நாள் இருக்கமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவள் அவன் வகுப்பிலேயே படிக்கும் சகுரா, வகுப்புக்கே செல்லப்பிள்ளையான கலகலப்பான பெண். நாட்குறிப்புக்கு அவள் வைத்திருக்கும் பெயரைக் கவனிக்க வேண்டும். நோயாளிகள் எழுதும் குறிப்புகளை ஜப்பானியர் ‘நோயோடு போராட்டம்’ என்று சொல்வது வழக்கமாம். இவள் ஓர் எழுத்தை மாற்றி ‘நோயோடு கூட இருத்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒளிந்துகிடக்கும் உறுப்பு. செரிமானத்துக்கான நீரையும் இன்சுலினையும் சுரப்பது அதுதான். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு நன்றாகவே அறிமுகமானது. நோய் இன்னது என்று படம் பெயர் சொல்வதில்லை. உடம்பில் எந்த உறுப்பு கெட்டிருக்கிறதோ, விலங்கின் அதே உறுப்பைத் தின்றால் குணமாகும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள் என்று சகுரா எங்கோ படித்திருக்கிறாள். அதை வைத்து அவனிடம் “உன் கணையத்தைக் கொடு” என்று வேடிக்கை செய்கிறாள். இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப்பும், ரத்தம் ஊற ஈரலும் சுவரொட்டியும் கொடுத்த பாட்டிமார்கள் நம் வீடுகளிலும் இருந்தவர்கள்தானே. கதை போகப் போக அதே வாக்கியத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. தின்றவருக்குள் தின்னப்பட்டவரின் உயிர் வாழும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டாம். கடைசியில் அவன் அவளைப் போல் ஆக ஆசைப்படுகிறான், அவள் அவனைப் போல் ஆக ஆசைப்படுகிறாள். ஒருவருக்கொருவர் தெரியாமலே இருவரும் அந்த ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்கள்.

நடுவில் இருவரும் புல்லட் ரயில் ஏறி ஃபுகுவோகாவுக்குப் போகிறார்கள். அந்த ஊரின் பெரிய ஸ்டேஷனுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, ஹகாட்டா என்றுதான் பெயர். ஷின்கான்சென் பாதை 1975-இல் அங்கே வந்து சேர்ந்தது. ரயில்வேக்காரன் ஆயிற்றே, இந்தத் தகவலை நான் படத்தை நிறுத்திச் சொன்னபோது பேத்தி முறைத்தாள். அங்கே ஓட்டலில் ஏதோ எடுத்துவர அவள் பையைத் திறக்கிறான் பையன். உள்ளே ஊசிகளும் மருந்துகளுமாக நிறைந்திருக்கின்றன. அதுவரை சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தவளின் உண்மையான நாள் எப்படிப்பட்டது என்று அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. டகுமி கிடமுரா என்ற இளைஞர் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் காட்சியை நடித்திருக்கிறார். சகுராவாக வரும் மினாமி ஹமாபேயையும் குறை சொல்ல முடியாது, கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார் என்பதைத் தவிர.

வீட்டாரையும் மருத்துவரையும் விட்டால், விஷயம் தெரிந்தவன் இந்தப் பையன் ஒருவன்தான். உயிர்த்தோழி கியோகோவுக்குக்கூடத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்பதற்குச் சகுரா சொல்லும் காரணம்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. மருத்துவர் உண்மையை மட்டும் தருகிறார். வீட்டார் ஒவ்வொன்றுக்கும் பதறிப்போய், சாதாரண நாளை நடிக்கவே படாதபாடு படுகிறார்கள். தோழிக்குத் தெரிந்தால் அவளும் அப்படித்தான் ஆகிவிடுவாள். உண்மையையும் சாதாரண நாளையும் சேர்த்துக் கொடுப்பவன் இவன் ஒருவன்தான் என்கிறாள். நோயாளிக்கு வேண்டியது இரக்கம் என்றே இத்தனை வயதுவரை நினைத்திருந்தவன் நான்.

ஆனால் கியோகோவின் பக்கமும் ஒன்று இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒருவன் தன் தோழியைப் பிடுங்கிக்கொண்டான் என்று அவனைக் கண்டாலே எரிந்து விழுகிறாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

சகுரா நோயால் சாகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளில், அவனைப் பார்க்க வரும் வழியில், யாரோ ஒரு முன்பின் தெரியாத கொலைகாரன் தெருவில் அவளைக் குத்திவிடுகிறான். அவன் கடையில் காத்துக்கொண்டே இருக்கிறான். இப்படி முடித்தது சினிமா வேலை என்றுதான் முதலில் எரிச்சலாக இருந்தது. நோய்ப் படங்கள் ஜப்பானில் நெடுங்காலமாக ஓடுபவை. ஒரு காதல் ஜோடியின் உண்மைக் கடிதங்களை வைத்து 1964-இல் ஒரு படம் வந்து ஊரையே அழவைத்தது. 2004-இல் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பள்ளி மாணவியின் கதை வந்தது. அவற்றில் எல்லாம் நோய் தன் வேலையைச் செய்து முடிக்கும். பார்ப்பவர்களும் கைக்குட்டையோடு தயாராக இருப்பார்கள். இந்தப் படத்தில், அவளுக்கு நாள் குறைவு, நமக்கு நிறைய என்று பையன் போட்டு வைத்திருந்த கணக்கே தப்பாகிவிடுகிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது சொல்லாமலே நின்றுவிடுகிறது. அவன் அனுப்பிய கடைசிச் செய்தியை அவள் திறந்து படித்திருந்தாள் என்பது மட்டும் பின்னால் தெரியவருகிறது.

நாவலில் இல்லாத ஒரு பகுதியைப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அவன் அதே பள்ளியில் ஆசிரியர். இடிக்கப்போகும் பழைய நூலகத்தில் ‘குட்டி இளவரசன்’ புத்தகத்துக்குள், சகுரா கியோகோவுக்கு எழுதி மறைத்துவைத்த கடிதம் அகப்படுகிறது. அன்று கியோகோவுக்குத் திருமணம். ஓடிப்போய்க் கொடுக்கிறான். மணக்கோலத்தில் நின்று படித்துவிட்டு அவள் அழும் இடத்தில்தான் என் பேத்தி படத்தை நிறுத்தினாள்.

இந்த மறைக்கும் வழக்கம் ஜப்பானியருக்குப் பழையது. குரோசாவாவின் ‘இகிரு’ 1952-இல் வந்த படம். அதில் வயிற்றில் புற்றுநோய் வந்த அலுவலரிடம் வெறும் புண் என்றுதான் டாக்டர் சொல்கிறார். அந்த நாளில் அங்கே அதுதான் நடைமுறை. கடந்த முப்பது ஆண்டுகளில்தான் நோயாளியிடம் நேராகச் சொல்வது படிப்படியாக வழக்கமாயிற்று. நாமும் சளைத்தவர்கள் இல்லை. அல்சர், காமாலை, டைபாய்டு என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டுதானே வந்திருக்கிறோம்.

இனி பேத்தி கேட்டதற்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் கட்டிடத்தில் நாலாம் மாடியில் ஒரு மராட்டியக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணும் என் பேத்தியும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள். மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவளுடைய தாத்தா காலையில் என்னோடு நடக்க வருபவர். என்னிடம் மட்டும் சொல்லி, குழந்தைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேத்தியிடம் டைபாய்டு என்றேன். அவள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் குறைந்தது, பிறகு நின்றே போயிற்று.

“தாத்தா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அவளுக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் தெரிந்திருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ரயிலுக்குள் விரிசல் இருப்பதாகக் கருவி காட்டினால் அன்றைக்கே எழுதி, வண்டிகளுக்குக் காஷன் ஆர்டர் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். “தெரியும்மா” என்றேன். அவள் சத்தம் போடவில்லை. “அவளுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு மூணு மாசமா நெனச்சிட்டிருந்தேன் தாத்தா” என்றாள்.

மறுநாள் காலை நடையில் நண்பரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு தன் பேத்தியையே கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே பதில் வந்தது, கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி.

இப்போது என் பேத்தி தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போகிறாள். மருந்துகளால் அந்தப் பெண்ணுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது, தொற்று ஒட்டிவிடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. தலைமுடி உதிர்ந்துவிட்டதாம். அதைப் பற்றி இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. போன வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஏதோ சண்டையாம். “நாளைக்குப் போகமாட்டேன்” என்றாள். மறுநாள் ஐந்து மணிக்குச் சோப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.