தீராத வயிற்றுவலி தீரும்!

காரமா, பட்டினியா, கிருமியா? வயிற்றுப்புண் வரும் வழியும், அதை வராமல் தடுக்கும் வழியும்

திருத்தணி மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் மக்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். முன்பு கைத்தறி. இப்போது பெரும்பாலும் விசைத்தறி.

தறி ஓடினால்தான் கூலி. அதனால் தறிக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை.

அப்படிப்பட்ட ஒரு தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீ. பதினோரு மணிக்கு இன்னொரு டீ, கூடவே ஒரு பீடி. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவில் இடுப்புவலி. கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

சில மாதங்கள் போகின்றன. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது. நள்ளிரவில் வலி எழுப்பி உட்கார வைக்கிறது. இரண்டு வாய் சோறு தின்றால் அடங்குகிறது. பிறகு மீண்டும் வருகிறது.

"டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்களேன்" என்கிறாள் மனைவி.

"ஒன்றுமில்லை, வாயுதான்" என்கிறார் அவர். ஒரு சோடா குடித்துவிட்டுத் தறிக்குப் போய்விடுகிறார்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் கதை!

வயிற்றுப்புண் என்பது என்ன?

நாம் சாப்பிடும் உணவைச் செரிக்க வைக்க வயிற்றில் ஓர் அமிலம் சுரக்கிறது. இறைச்சியையே கரைக்கக்கூடிய அமிலம் அது. அப்படியானால் அது நம் வயிற்றையே ஏன் கரைத்துவிடவில்லை?

வயிற்றின் உள்சுவர் மீது வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் காவல். அந்தப் பூச்சு எங்காவது பழுதுபட்டால், அந்த இடத்தை அமிலம் அரிக்கிறது. அரித்த இடம் புண்ணாகிறது.

புண் இரைப்பையில் வரலாம். இரைப்பைக்கு அடுத்துள்ள சிறுகுடலின் தொடக்கத்திலும் வரலாம். பின்னதைக் குடல்புண் என்கிறோம். இந்தியாவின் தென்பகுதியில் ஒரு காலத்தில் மிக அதிகமாக இருந்தது இந்தக் குடல்புண்தான்.

மலை ஏறியவர் நெய்யூருக்கு வந்தார்

1922ஆம் ஆண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற ஒரு வெள்ளைக்காரக் குழு வந்தது. அதில் ஹோவர்டு சோமர்வெல் என்ற டாக்டரும் இருந்தார். அந்த முறை சிகரத்தைத் தொட முடியவில்லை. ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தார்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே கண்ட காட்சி அவர் மனத்தை உலுக்கியது. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்துக்கிடந்தார்கள். அறுவை செய்யத் தெரிந்த டாக்டரோ ஒரே ஒருவர்!

லண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை உதறிவிட்டு நெய்யூருக்கே வேலைக்கு வந்துவிட்டார். 1924இல் மீண்டும் ஒரு முறை எவரெஸ்ட் போய், சுமார் 28,000 அடி உயரம் வரை ஏறினார். பிறகு நெய்யூர்தான் அவருடைய சிகரம் ஆயிற்று.

அங்கே அவர் அறுத்த வயிறுகளில் குடல்புண் வயிறுகள் ஏராளம். வாழ்நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த அறுவையைச் செய்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு வேலூர் தூரமில்லை அல்லவா?

எலிகள் சொன்ன சேதி

தென்பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு குடல்புண்?

குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் உணவு ஆராய்ச்சி செய்துவந்தார். எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர்களின் உணவு: கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி. இன்னொரு கூட்டத்துக்குச் சென்னை ராஜதானி ஏழைகளின் அரிசி உணவு. மற்றொரு கூட்டத்துக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவு. அதில் மரவள்ளிக்கிழங்கே பிரதானம்.

முடிவு என்ன? திருவிதாங்கூர் உணவு தின்ற எலிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றில் புண். சென்னை உணவு தின்றவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குப் புண். சீக்கியர் உணவு தின்ற எலிகளில் ஒன்றுக்குக் கூட இல்லை!

பிறகு ரயில்வே டாக்டர் எஸ். எல். மல்கோத்ரா இதை மனிதர்களிடம் ஆராய்ந்தார். ரொட்டியை நன்றாக மெல்ல வேண்டும். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும். அது வயிற்றுக்குக் காப்பு. குழைந்த சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து அப்படியே விழுங்கிவிடுகிறோம் என்றார் அவர். புண் ஆறிய நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார். அரிசி உணவுக்காரர்களில் 100க்கு 81 பேருக்குப் புண் திரும்பி வந்தது. தவிடு நீக்காத கோதுமை உண்டவர்களில் 100க்கு 14 பேருக்கே வந்தது. 1978இல் இதை வெளியிட்டார்.

மைசூரில் வேலை பார்த்த டாக்டர் பிராங்க் டோவி இன்னொன்றைக் கவனித்தார். பட்டை தீட்டாத தானியமும் பயறும் தின்னும் பகுதிகளில் குடல்புண் குறைவு. பிற்காலத்தில் அவரும் அவருடைய கூட்டத்தாரும் எலிகளிடம் சோதித்தார்கள். கொள்ளில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள் எலிகளின் வயிற்றைப் புண்ணிலிருந்து காத்தது!

கேழ்வரகுக் களியும் கொள்ளும் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்குப் புதிதா? பாட்டன் காலத்து உணவு. அதைக் கைவிட்டுவிட்டு வெள்ளை வெளேர் என்ற அரிசியைத் தேடிப் போனவர்கள் நாம்தான்.

பாலும் மிளகாயும்

"புண் இருந்தால் பால் குடி, காரத்தைத் தொடாதே." இது எல்லோரும் சொல்லும் யோசனை. அமெரிக்காவில் சிப்பி என்ற டாக்டர் 1915இல், மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்கும் வைத்தியத்தைப் பரப்பினார். உலகமே அதைப் பின்பற்றியது.

டில்லி டாக்டர்கள் இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள்.

1984இல் மிளகாய்ச் சோதனை. குடல்புண் உள்ளவர்களில் ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டில் தினமும் 3 கிராம் மிளகாய்த்தூள் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அது இல்லை. மருந்து இருவருக்கும் ஒன்றே. புண் ஆறியதில் வித்தியாசம் தெரியவில்லை!

1986இல் பால் சோதனை. ஒரு பிரிவுக்கு மருந்தோடு பால் மட்டும். மற்றப் பிரிவுக்கு மருந்தோடு வழக்கமான சாப்பாடு. பால் குடித்தவர்களுக்குத்தான் புண் குறைவாக ஆறியது. ஏன்? பால் முதலில் எரிச்சலை அடக்குகிறது. பிறகு அதுவே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது.

இதற்காக, பாலே கூடாது என்பதில்லை. உணவோடு ஒரு தம்ளர் குடிக்கலாம். பாலையே மருந்தாக நம்பியிருப்பதுதான் தவறு. காரம் தின்றால் எரிகிறதா? அப்படியானால் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புண்ணை உண்டாக்கும் குற்றவாளி மிளகாய் அல்ல.

குற்றவாளி அகப்பட்டான்

அப்படியானால் குற்றவாளி யார்?

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம். ராபின் வாரன் என்ற டாக்டர், நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி வாழாது என்று உலகம் நம்பிய காலம். இவர்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை.

கிருமியை வளர்த்துக் காட்ட முயன்றார்கள். முளைக்கவில்லை. 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் எறிந்துவிடும் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது!

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார்! சில நாளில் வாந்தி வந்தது. சோதித்துப் பார்த்தால் இரைப்பையில் அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் வயிற்றில் இது குடியிருக்கிறது. எல்லோருக்கும் புண் வருவதில்லை. சிலருக்கே வருகிறது. அந்தச் சிலர் யார் என்பதில் உணவுக்கும் புகைக்கும் பங்கு உண்டு.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இது தொற்றிவிடுகிறது. வாய் வழியாகவும், அசுத்தமான தண்ணீர், கழுவாத கை வழியாகவும் பரவுகிறது. கழிப்பறை, சோப்பு, கொதித்து ஆறிய நீர் ஆகிய மூன்றும் உள்ள வீட்டில் குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு.

இரண்டாவது குற்றவாளி

அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறான்! ஆம், வலி மாத்திரை.

ஆஸ்பிரின், டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை வலியை அடக்கும். அதோடு வயிற்றின் காவல் பூச்சையும் மெலிய வைக்கும். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். நாள்தோறும் போடுகிறவருக்கு, வலியே தெரியாமல் புண் உண்டாகித் திடீரென்று ரத்தம் கசியலாம்.

இருதய நோய்க்காக டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி வயிற்றுக்குக் காப்பு கேட்க வேண்டும். ஆனால் இடுப்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை இன்றே நிறுத்தலாம்.

வீட்டு வைத்தியம் உதவுமா?

உதவும். ஆனால் எது எதற்கு என்று தெரிய வேண்டும்.

வாழைக்காய்: காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விலங்குகளிடம் சோதித்தார்கள். காய்ந்த வாழைக்காய்ப் பொடி வயிற்றின் உள்சுவரைத் தடிக்கச் செய்து காத்தது. பழத்தைவிடக் காய்க்கே அந்தக் குணம்.

அதிமதுரம்: நெதர்லாந்தில் 1940களில் ரெவர்ஸ் என்ற டாக்டர் இதைக் கொடுத்துப் புண் ஆறக் கண்டார். ஆனால் சிலருக்கு முகமும் காலும் வீங்கின. ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது.

மணத்தக்காளிக் கீரை: வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் நம் பாட்டிமார் கொடுத்தது. நல்ல உணவு. வாரம் இரண்டு நாள் சமைக்கலாம்.

கேழ்வரகுக் கூழ், நீராகாரம், மோர்: வெறும் வயிற்றில் ஊற்றும் டீக்குப் பதிலாக இவை எவ்வளவோ மேல். செலவும் குறைவு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மென்று சாப்பிடுங்கள். பீடியை விடுங்கள்; புகை பிடிப்பவருக்குப் புண் ஆறத் தாமதமாகிறது, ஆறினாலும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். சாராயத்தை விடுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறுகிறவர்கள், புண் இருந்தால் நாள் முழுவதும் பட்டினி கிடக்க வேண்டாம். நீராகாரமாவது குடியுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கீரையும் வாழைக்காயும் அந்தக் கிருமியை ஒழிக்காது. அதற்கு மருந்து வேண்டும். மூச்சுச் சோதனை, மலச் சோதனை, அல்லது குழாய்விட்டுப் பார்க்கும் சோதனையில் கிருமி தெரிந்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். வலி போய்விட்டது என்று நாலாம் நாள் நிறுத்தினால், கிருமி மீண்டும் தலைதூக்கும். முழுவதும் சாப்பிட வேண்டும்.

சோமர்வெல் காலத்தில் வயிற்றை அறுத்துத்தான் தீர்த்தார்கள். இன்று பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டாம். இரண்டு வார மாத்திரை போதும்!

ஓடுங்கள் ஆஸ்பத்திரிக்கு!

மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் போன்ற கறுப்போ தெரிகிறதா? திடீரென்று கத்தியால் குத்தியது போல வலித்து வயிறு பலகையாக விறைக்கிறதா?

இவை மூன்றும் அபாய அறிகுறிகள். புண் ரத்தக்குழாயை அரித்துவிட்டது, அல்லது வயிற்றில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். அப்போது சோடாவும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள்.

காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், விழுங்குவது கஷ்டமானாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றுவலி வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

அந்தத் தறிக்காரரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுத் திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "நாலு மாதமாக வலி. வலி மாத்திரை போடுகிறேன்" என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கூலி போகும். உயிர் நிற்கும்.

"வாயுதான்" என்று அவர் மறுபடியும் சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடக் கூடாது. கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்!