பதனிட்ட வளி

குளிரூட்டி என்னுஞ் சொல்லை யான் பல்லாண்டுகளாக ஐயமின்றி எழுதியும் மாணவர்க்கு எழுதுவித்தும் வந்துள்ளேன். அச்சொல் பொருத்தமற்றது என்பதை, 2024ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, கனடாவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள என் மகளின் இல்லத்தில் ஓர் இரவு முழுவதும் கண்விழித்துக் கற்றுக்கொண்டேன். கற்பித்த ஆசான், அவ்வீட்டின் நிலவறையில் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டி.

மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. கல்லூரியில் லீவு பெற்று யானும் என் இல்லாளும் போயிருந்தோம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். மருமகன் தொழில் நிமித்தம் ஒற்றாவா நகருக்கு இரண்டு நாட் செல்லவேண்டியிருந்தது. புறப்படும்போது, சுவரிலே பொருத்தியிருந்த சிறு கருவியொன்றைக் காட்டி, "மாமா, இதை இருபத்திநாலிலை விட்டிருக்கிறன். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லிப் போனார். ஒன்றுஞ் செய்யாதிருத்தல் ஆசிரியத் தொழில் புரிந்தோர்க்கு எளிதன்று.

அங்குள்ள வீடு நமது நாற்சார் வீடு போன்றதன்று. நமக்கு நடுவே முற்றமுண்டு. சூடேறிய வளி மேலே போகும், வேறு காற்றுத் தானாகவே உள்ளே வரும். அவர்களோ ஆண்டிற் பெரும்பகுதி குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை இறுக அடைத்து வாழ்பவர்கள். ஆதலின் வீடு மூச்சு விடுதற்கெனத் தகரக் குழாய்கள் தளத்தின் கீழும் சுவர்களின் உள்ளும் ஓடுகின்றன. நிலவறையிலே, பேஸ்மென்ற் என்றே நம்மவரும் அதனை வழங்குவர், ஃபேர்னஸ் எனப்படும் வெப்ப உலை நிற்கின்றது. பனிக்காலத்தில் எரிவாயுவினால் வளியைச் சூடாக்கி அறைகளுக்கு ஊதுவது அது. கோடையிலும் அதே விசிறிதான் ஊதுகின்றது. உலையின் தலைமேல் அமர்ந்துள்ள குழாய்ச் சுருளொன்றினூடாக வளி போய்க் குளிர்ந்து வருகின்றது. ஒவ்வோர் அறையின் தரையிலும் ஒரு கம்பித்தட்டு. வளி வெளிப்படும் வாய் அது. நடைவழிச் சுவரிலே பெரியதொரு கம்பித்தட்டு. வளி உலைக்கு மீளும் வழி அது. மீண்டு வந்தாலன்றி வளி மீண்டும் போகமாட்டாது. இதனைச் சிந்திக்க எனக்கு அன்று தோன்றவில்லை.

தோன்றியது நெடுநல்வாடை. தென்றலை உள்ளே விடுதற்கென அமைந்த வேனிற்பள்ளியின் சாளரம் கூதிர்ப்பருவத்திலே தாழிட்டுக் கிடந்தமை அப்பாட்டிலே பேசப்படுகின்றதன்றோ? பருவம் நோக்கி வீட்டின் வாய்களைத் திறந்தும் அடைத்தும் ஆள்வது நமக்குப் பழகிய கலை என்னும் எண்ணத்தோடே காரியத்தில் இறங்கினேன்.

பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்பது எங்களூர் வழக்கு. "இஞ்சருங்கோ, பிள்ளைக்கு நேரை காத்து அடிக்குது" என்றாள் இல்லாள். மகளின் அறையிலிருந்த தட்டுகள் இரண்டையும் மூடினேன். ஆளில்லாத அறைகளுக்கு வீண்செலவு ஏன் என்று அவற்றையும் மூடினேன். நடைவழியிலிருந்த பெரிய தட்டு ஓயாது இரைந்துகொண்டிருந்தது; பகலிலே தொட்டில் அதற்கு அண்மையில் இருந்தமையால், பழைய போர்வையொன்றை அதன்மேற் தொங்கவிட்டேன். போர்வை தட்டோடு இழுபட்டு ஒட்டிக்கொண்டது. அதனைக் கண்டு வியந்தேனேயன்றி, எச்சரிக்கை என்று கொள்ளவில்லை.

அந்நாள்களிலே ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதியைக் கடும் வெப்பம் பற்றியிருந்தது. நிழலில் 30 பாகைக்கு மேல்; ஈரத்தையும் சேர்த்தால் உடல் உணரும் வெப்பம் 40ஐ எட்டும் என வானிலை கூறுவோர் எச்சரித்துக்கொண்டிருந்தனர். மாலையில் வீட்டினுள்ளே புழுக்கம் ஏறியது. 24இல் நின்ற கருவியை 18க்கு இறக்கினேன். வண்டிக்காரன் மாட்டை விரட்டுவதுபோலப் பொறியை விரட்டலாம் என்பது என் கருத்து. புழுக்கம் மேலும் ஏறியது.

நள்ளிரவிலே கருவி 29 எனக் காட்டியது. தரைத்தட்டுகளைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் மூச்சில்லை. குழந்தை வீரிட்டழுதது. கழுத்திலும் மார்பிலும் வியர்க்குரு செக்கச் சிவந்திருந்தது, பாலையும் மறுத்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றுங் கேட்கவில்லை. சாளரங்களைத் திறந்துவிட்டு, யான் நிலவறைக்கு இறங்கிப் போனேன். தரையிலே ஒரு மூலையில் நீர் பரந்து கிடந்தது. உலையிலிருந்து வெளியே செல்லும் செப்புக் குழாயின்மேற் கட்டைவிரற் கனத்துக்கு வெண்பனி உறைந்திருந்தது. அதனைக் கண்டு ஆறுதலடைந்தேன் என்பதை நாணத்தோடு எழுதுகின்றேன். இத்துணைக் குளிரை ஈனும் பொறி பழுதாயிருத்தல் கூடாது, சற்று நேரத்தில் குளிர் மேலே வந்துவிடும் என்று இல்லாளிடமுஞ் சொன்னேன். நிலவறை குளிர்மையாயிருந்ததை என் பாதங்கள் உணர்ந்தன, அறிவு உணரவில்லை. விடியும்வரை நாங்கள் மூவரும் மாறி மாறிப் புத்தக மட்டைகளால் விசிறிக்கொண்டிருந்தோம்.

காலையிலே மருமகன் தொலைபேசியில் ஏற்பாடு செய்த பழுதுபார்ப்பவர் வந்தார். தமிழ் இளைஞர், அங்கே பிறந்தவர், தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். என்னை 'அங்கிள்' என்றே விளித்தார். வேறு சமயமாயின் அவ்விளியைப் பற்றி அவரோடு சிறிது பேசியிருப்பேன். குழந்தையின் அழுகுரல் கேட்டதும், பெட்டியைத் திறவாமலே, "முதல்லை பிள்ளையையும் அக்காவையும் பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அங்கிள். அங்கை சூடில்லை" என்றார். நீர் படாத பக்கத்திலே பாயும் மெத்தையும் விரித்தோம். கால்மணி நேரத்திற் குழந்தை பால் குடித்துவிட்டு உறங்கியது. நிலத்தினுள் அமிழ்ந்திருக்கும் அறை கோடையிலே தானாகக் குளிர்ந்திருக்கும் என்பதற்கு யாதொரு பொறியும் வேண்டியதில்லை. எனக்கது எட்டு மணிநேரம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

பின்னர் அவ்விளைஞர் மூன்று காரியஞ் செய்தார். உலையின் பக்கத்திலிருந்த வடிதட்டை இழுத்தெடுத்தார். தூசு படிந்து கம்பளித் துண்டுபோற் கிடந்தது. பனிக்காலத்துக்கு முன் மாற்றியதாம். பிள்ளைப்பேற்று ஆரவாரத்தில் மருமகன் மறந்துவிட்டார். அடுத்து, கருவியிலே குளிர்ச்சியை நிறுத்தி, விசிறியை மாத்திரம் ஓடவிட்டார். மூன்றாவதாக, நடைவழிக்கு வந்து என் போர்வையைத் தட்டிலிருந்து எடுத்து, என்னை ஒருமுறை பார்த்து, நன்றாக மடித்து நாற்காலியில் வைத்தார். ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை என் மொழியிலே கூறுகின்றேன். சுருளினுள்ளே ஒரு பாய்மம் தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாகின்றது. ஆவியாதற்கு வேண்டிய மறைவெப்பத்தைச் சுருளைக் கடக்கும் வீட்டு வளியிலிருந்து அது கவர்கின்றது. வீட்டின் பின்புறம் நிற்கும் பெட்டியிலுள்ள அமுக்கி அவ்வாவியை நெருக்கிச் சூடேற்ற, அங்குள்ள விசிறி அச்சூட்டை வெளியே ஊதிவிட, ஆவி ஒடுங்கித் திரவமாகி மறுபடியும் உள்ளே வருகின்றது. பொறி குளிர் எதனையும் ஆக்குவதுமில்லை, ஊட்டுவதுமில்லை. வீட்டின் வெப்பத்தைச் சுமந்துகொண்டுபோய் வெளியே எறியும் சுமையாள் அது. சுமப்பதற்கு வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பது சுருளைக் கடக்கும் வளியே. தூசு பாதியும் என் போர்வையும் மூடிய தட்டுகளும் மீதியுமாக அவ்வளியைத் தடுத்துவிட்டன. வெப்பங் கிடையாத சுருள் உறைநிலைக்குக் கீழே போயிற்று. அதன்மேற் படிந்த ஈரம் பனிக்கட்டியாயிற்று. அப்பனிக்கட்டி எஞ்சிய வழியையும் அடைத்தது. கருவியை 18க்கு இறக்கியதனால் வேகம் சிறிதுங் கூடவில்லை. அவ்வீட்டுப் பொறிக்கு ஓடுதல், நிற்றல் என்னும் இரண்டு நிலைகளே உண்டு. இறக்கியதன் பயன் அது நில்லாது ஓடிப் பனியை வளர்த்ததே. இன்னும் ஓடியிருந்தால், ஆவியாகாத திரவமே அமுக்கிக்குட் புகுந்து அதனைச் சிதைத்திருக்குமாம்.

திருகாணிச் செலுத்தியொன்றை எடுத்துப் பனியைச் சுரண்ட முற்பட்டேன். "ஐயோ அங்கிள், வேண்டாம்! குழாய் ஓட்டையாப் போச்செண்டால் உள்ளுக்கிருக்கிறது எல்லாம் போயிடும்" என்று தடுத்தார். உருகி முடியப் பிற்பகல் நாலு மணியாயிற்று. மாலையிலே தட்டுகளில் மூச்சு வந்தது. அன்றிரவு எல்லாரும் உறங்கினர், என்னைத் தவிர.

அவ்வுறக்கமின்மையிலேதான் இப்பொறியின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். புளோறிடாவின் அப்பலாச்சிக்கோலா என்னும் ஊரிலே, ஜோன் கோறி என்ற மருத்துவர் காய்ச்சல் நோயாளரின் அறைகளைக் குளிர்விக்க விரும்பிப் பனிக்கட்டி செய்யும் பொறியொன்றை அமைத்து 1851இல் உரிமை பெற்றார். பயன் காணாமலே 1855இல் இறந்தார். அவர் மனிதரை நினைத்தவர். அவருக்குப் பின் வெற்றி கண்டவரோ மனிதரை நினைத்துத் தொடங்கியவரல்லர். காகிதத்தை நினைத்துத் தொடங்கியவர். பத்திரிகை வாசிப்போர் இதனை அறிந்துகொள்ளல் தகும். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றிலே வண்ணப் படங்கள் அச்சாகிவந்தன. ஒவ்வொரு நிறமும் தனித்தனியே அச்சேற வேண்டும். கோடையின் ஈரத்தைக் குடித்துத் தாள் விரியும். ஈரம் வற்றச் சுருங்கும். முதல் நிறத்தின்மேல் இரண்டாம் நிறம் சரியாக விழாது. இக்குறையை நீக்கும் பணி, பஃபலோ நகரிலே ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்த வில்லிஸ் கரியர் என்னும் 25 வயது எந்திரியிடம் வந்தது. குளிர்ந்த சுருள்களின்மேல் வளியைச் செலுத்தி அதன் ஈரத்தை ஒடுங்கச் செய்யும் அமைப்பை 1902ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி அவர் வரைந்து முடித்தார். அவர் வேண்டியது நூற்றுக்கு 55 என்னும் நிலையான சாரீரப்பதன். குளிர்ச்சி அதனோடு உடன்வந்தது. அப்பஃபலோ என் மகளின் வீட்டிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில், நயாகரா ஆற்றின் தலைப்பிலே இருக்கின்றது.

இதற்குப் பெயரிட்டவர் வேறொருவர்: வட கரோலைனாவின் நெசவாலை எந்திரி ஸ்ரூவட் கிறாமர், 1906இல். அவர் வைத்த பெயரில் குளிர் என்பதே இல்லை. வளியை ஒரு நிலைமைக்குக் கொணர்தல் என்பதே பொருள். நமது நாட்டிலே வளிச்சீராக்கி என்கின்றனர், அது தவறன்று. ஆயினும் பதன் என்னுஞ் சொல், ஈரப்பதன் என்புழி நிற்கும் பதத்தையும் தக்க பக்குவத்தையும் ஒருங்கே குறிப்பதால், வளிபதனம் என்பதையே யான் விரும்புவேன். குளிரூட்டி என்றெழுதும் மாணவனுக்குப் புள்ளி குறைக்கமாட்டேன். குறைக்க எனக்கு உரிமையில்லை.

பொறியின் ஆற்றலை அங்கே 'தொன்' என்று அளப்பதுங் கேட்டு மகிழத்தக்கது. ஒரு தொன், அதாவது 2,000 இறாத்தல், பனிக்கட்டி ஒரு நாளில் உருகுதற்குக் கவரும் வெப்பமே ஒரு தொன். மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு. மகளின் வீட்டுப் பொறி இரண்டரைத் தொன். பனிக்கட்டி ஏற்றிய வண்டி போனபின்னும் அதன் கணக்கு நிலைத்துவிட்டது.

எஞ்சிய ஆறு வாரமும் அப்பொறியைப் பேணும் வேலையை யானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வடிதட்டின் அளவு அதன் விளிம்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்களது 16, 25, 1 அங்குலம். விளிம்பிலுள்ள அம்பு விசிறியை நோக்கியிருத்தல் வேண்டும். ஓரங்குலத் தட்டை ஒளிக்கெதிரே மாதமொருமுறை பிடித்துப் பார்ப்பதும், மூன்று மாதத்துக்குமேல் வையாமையும் நன்று. கடையிலே நுண்மைக்கு எண் கொடுத்து விற்கின்றனர். எண் மிகுந்தது சிறந்தது என்று எண்ணி வாங்குவோர் பலர். மிக நுண்ணியது தூசை மட்டுமன்றி மூச்சையும் பிடித்துக்கொள்ளும். 8 என்னும் எண்ணுடையது எங்கள் வீட்டுக்குப் போதும் என்றார் இளைஞர். சுருளிலிருந்து சொட்டும் நீர் ஒரு சிறு குழாயால் நிலவறை வடிகாலுக்குப் போகின்றது. அதனுட் பாசி பிடித்தால் நீர் தரைக்கு வரும். இடையிடையே சிறிது வினாகிரி ஊற்றினேன்.

வெளியே நிற்கும் பெட்டியையும் பார்த்தல் வேண்டும். யூன் மாதத்தில் அங்கே ஒருவகை மரத்தின் விதைப்பஞ்சு வெண்மேகம்போற் பறந்து, பெட்டியின் மெல்லிய தகட்டுவரிசைகளில் அப்பிவிடுகின்றது. சுவரிலுள்ள ஆளியால் மின்னை முற்றாக நிறுத்திவிட்டு, தோட்டக் குழாயினால் மெதுவாகக் கழுவவேண்டும். விசையோடு பீச்சினால் தகடுகள் மடங்கும். சுற்றிலும் இரண்டடி வெளி விடுதலும் வேண்டும். நிறுத்திய பொறியை ஐந்து நிமிடமேனும் கழியுமுன் மீண்டும் ஓட்டலாகாது. அமுக்கங்கள் இரு புறமும் சமமாதற்கு அந்நேரம் வேண்டும். கோடையில் வேலைநாள்களில் முற்பகல் 11 மணி தொடக்கம் பிற்பகல் 5 மணிவரை, நேரவாரிக் கட்டணப்படி மின்விலை உச்சமாதலால், காலையிலேயே வீட்டைக் குளிர்வித்துத் திரைகளை இழுத்துவிடுவோம்.

நம்மூரிலே இப்போது பல வீடுகளிற் சுவரில் மாட்டும் சிறு பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றின் முன்மூடியைத் திறந்தால் ஒரு வலைத்தட்டு உண்டு; அதனைக் கழற்றிக் கழுவலாம் என்பதே தெரியாத வீடுகளை யான் கண்டிருக்கின்றேன்.

பிள்ளைக்கு நேரே காற்றடித்தல் ஆகாது என்ற இல்லாளின் கூற்றுப் பிழையன்று. குழந்தையைப் பார்க்க வந்த தாதியும் அதனையே சொன்னார். ஆனால் அதற்கு மருந்து அடைத்தலன்று, திருப்புதல் என்றார். தரைத்தட்டின்மேற் காந்தத்தால் ஒட்டும் பிளாஸ்ரிக் மறைப்பொன்று சில டொலருக்கு வாங்கி, காற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டோம். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவன்று, வியர்க்குரு இருந்த இடமே தெரியவில்லை.

புறப்படுமுன், புதிய வடிதட்டின் விளிம்பிலே திகதியை எழுதி வைத்தேன். நடைவழித் தட்டின் கீழே சிறு அட்டையொன்றில் 'இதனை மூடற்க' என்றெழுதி ஒட்டினேன். அடுத்த வசந்தத்திலே பொறியைப் பார்வையிட வந்த அவ்விளைஞர், அஃது என்ன எழுத்தென்று வினவினாராம். மகள் வாசித்துப் பொருள் சொன்னாள். "மூடாதேங்கோ எண்டால் விளங்குமே, அதென்ன அக்கா மூடற்க?" என்று கேட்டாராம். அதற்கு அவருக்கு விளங்கும்படி ஒரு விடை எழுதியனுப்புமாறு மகள் கேட்டிருக்கின்றாள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.