வேகக் கண்காணிப்பும் சாலை வடிவமைப்பும்: சென்னையின் மேற்குப் புறநகர்

சாலைகளில் மிகை வேகத்தைக் குறைக்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. வேக வரம்பை அறிவித்து, மீறுவோருக்கு அபராதம் விதிப்பது ஒன்று. வேகமாக ஓட்ட இடம் தராதபடி சாலையையே அமைப்பது மற்றொன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைக் கொண்ட சென்னையின் மேற்குப் புறநகரில் இவ்விரண்டில் எது பொருந்தும் என்பது சாலைக்குச் சாலை மாறுகிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவற்றில் 71.2 விழுக்காடு இறப்புகளை மிகை வேகத்தின் கணக்கில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சேர்த்துள்ளது. அதே ஆண்டில் 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இத்தரவுகள் காவல் துறையின் பதிவுகளிலிருந்து திரட்டப்படுபவை. ஓட்டுநரின் தவறு அவற்றில் எளிதாக இடம்பெறுகிறது. அந்தத் தவறுக்கு இடம் கொடுத்த சாலை அவ்வளவு எளிதாக இடம்பெறுவதில்லை.

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் கடக்கும், 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 17 மீட்டர். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே இந்தத் தொலைவு தீர்ந்துவிடுகிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடும் என உலக நலவாழ்வு அமைப்பு குறிப்பிடுகிறது.

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருநின்றவூர் செல்லும் சி.டி.எச். சாலை ஒரே நேரத்தில் நெடுஞ்சாலையாகவும் கடைத்தெருவாகவும் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்குச் செல்லும் சைக்கிள், ரயிலைப் பிடிக்கச் சாலையைக் குறுக்கே கடப்பவர் என எல்லோருக்கும் அது ஒன்றே வழி. பகலில் நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. இரவில் அதே சாலை காலியாகும்போது, அகலமும் நேர்த்தன்மையும் ஓட்டுநரை விரைவுபடுத்துகின்றன. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் சுமார் 62 கி.மீ. நீள வெளிவட்டச் சாலை இதற்கு நேர்மாறானது. ஆறு வழிகளுடன், விரைவுப் பயணத்துக்கென்றே கட்டப்பட்டது அது.

கண்காணிப்பு

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை புதிய வரம்புகளை நடைமுறைப்படுத்தியது: இலகுரக வாகனங்களுக்கு 60 கி.மீ., கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, மிகை வேகத்துக்கு இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

ஒரே இடத்தில் நிற்கும் கேமராவின் குறை பழக்கமானது. அதைக் கண்டதும் வேகம் குறைகிறது, தாண்டியதும் கூடுகிறது. இதற்கு மாற்று, இரண்டு புள்ளிகளில் வண்டி எண்ணைப் பதிந்து இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடும் சராசரி வேக முறை. வரம்பு 80 கி.மீ. எனில், 10 கி.மீ. தொலைவை ஏழரை நிமிடத்துக்குள் கடந்த வாகனம் வரம்பை மீறியதாகும். குறுக்குத் தெருக்கள் குறைந்த வெளிவட்டச் சாலைக்கு இம்முறை பொருந்தும். சந்துக்குச் சந்து வண்டிகள் ஏறி இறங்கும் அம்பத்தூருக்குப் பொருந்தாது.

வடிவமைப்பு

நல்ல சாலை இருந்தால் வேகம் ஆபத்தில்லை என்ற வாதம் நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகத்தை 120 கி.மீ. ஆக உயர்த்திய 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. மேம்பட்ட எஞ்சினும் மேம்பட்ட சாலையும் அரசுத் தரப்பு கூறிய காரணங்கள். நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை.

உண்மையில் வேகத்தைக் குறைக்கும் வடிவமைப்பு என்பது சாலையை அகலப்படுத்துவது அன்று. தடங்களைக் குறுக்குவது, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, கடப்பவர் பாதி வழியில் நின்றுகொள்ள மையத் தடுப்பில் இடம், ஊர் தொடங்கும் இடத்தில் சாலையின் தோற்றத்தையே மாற்றும் நுழைவமைப்பு ஆகியவை இதில் அடங்கும். இவை இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்யும். காவலர் அந்த நேரத்தில் எல்லாச் சந்திப்பிலும் நிற்க முடியாது.

மக்கள் அதிகம் கேட்பது வேகத்தடை. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி, சுமார் 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைந்த மேட்டைப் பரிந்துரைக்கிறது. தெருக்களில் அவசரமாகப் போடப்படும் குறுகிய, செங்குத்தான மேடுகள் இந்த அளவுக்கு அருகில்கூட வருவதில்லை. வண்ணமும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மேட்டில் இருசக்கர வாகனம் தூக்கி எறியப்படலாம். ஆம்புலன்சில் படுத்திருப்பவருக்கு அது வேறு வகைத் தண்டனை. பேருந்தும் லாரியும் ஓடும் முதன்மைச் சாலைக்கு வேகத்தடை ஏற்றதன்று.

செலவும் காலமும் வடிவமைப்பின் பலவீனங்கள். நிர்வாகப் பிரிவினை இன்னொன்று. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் உள்ளது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, பூந்தமல்லி நகராட்சி. பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தவை. காவல் பணியோ 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் பொறுப்பு. அபராதம் விதிக்கும் துறைக்குச் சாலையை மாற்றும் அதிகாரம் இல்லை. சாலையை அமைக்கும் துறைக்கு அபராதத்தால் வரும் அழுத்தமும் இல்லை. இந்த இடைவெளியைத் தொடுவது 2019 திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரநிலைகளைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அது வழிசெய்கிறது.