கடல் வாசனையும் வெள்ளைக்கல்லும்

சித்திரை பிறந்த சமயத்தில், இரவு ஒன்பது மணிவாக்கில், ஏற்காட்டில் நின்று நிமிர்ந்து பாருங்கள். உச்சந்தலைக்கு நேர் மேலே மகம் மின்னும். அதே சிம்ம ராசியில், வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு சிவப்பு நட்சத்திரம் உண்டு. பெயர் கே2-18. அதைச் சுற்றும் கே2-18பி என்ற கோளில் கடல் வாசனை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியற்பியலாளர் நிக்கு மதுசூதன்.

அந்தக் கோளை யாரும் பார்த்ததில்லை. பூமியைவிட 2.6 மடங்கு அகலம், 8.6 மடங்கு நிறை, அங்கே ஒரு வருடம் என்பது 33 நாள். இதில் அகலமும் வருடமும் தெரிந்தது நிழலை வைத்துத்தான். ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலத்து விளக்குகளில் ஆயிரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் மூன்று அணைந்தால் எவ்வளவு வெளிச்சம் குறையுமோ, கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி அவ்வளவுதான் குறையும். இதைக் ‘கடப்பு’ என்கிறார்கள். 2015இல் கெப்ளர் தொலைநோக்கி பிடித்தது இந்தக் குறைவைத்தான்.

கோளைச் சுற்றிக் காற்றுப் போர்வை இருந்தால் நட்சத்திர ஒளியில் ஒரு துளி அதன் விளிம்பை ஊடுருவி வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த நிறங்களை மட்டும் விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதாவது ‘நிறமாலை’ எடுத்தால், எந்த நிறம் களவுபோனது என்று தெரியும். அந்தக் களவின் அளவு, மொத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

மறைப்பை வைத்துக் காற்றைத் தேடும் வித்தை நம் பக்கத்து மலைக்குப் புதிதல்ல. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில், 1972 ஜூனில் அப்போதுதான் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைக் கவனித்தது. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கும் சாயல் அதில் தெரிந்தது.

மதுசூதன் வாரணாசியில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் எம்ஐடியில் சாரா சீகரிடம் ஆய்வு செய்தவர். 2009இல் இருவரும் ஒரு தலைகீழ்க் கணக்கைக் கொண்டுவந்தார்கள். குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, புளி இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று சொல்கிற பாட்டியின் வேலை அது. கணினி லட்சக்கணக்கில் கற்பனை வளிமண்டலங்களைச் சமைத்துப் பார்த்து, எந்தச் சேர்க்கை கிடைத்த நிறமாலைக்குப் பொருந்துகிறது என்று சொல்லும். இதற்கு ‘மீட்டெடுப்பு’ என்று பெயர். 2021இல் அவர் குழு ஹைட்ரஜன், ஓஷன் என்ற இரண்டையும் ஒட்டி ‘ஹைசியன்’ என்றொரு சொல்லை உருவாக்கியது. ஹைட்ரஜன் வானமும் அடியில் உலகெங்கும் கடலும் கொண்ட கோள் என்று பொருள்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கே2-18பியில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் காட்டியது. மீத்தேன் என்றதும் மாடும் சதுப்பு நிலமும் நினைவுக்கு வரும். அவசரப்பட வேண்டாம். ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் எடுத்தால் சுண்ணாம்புக்கட்டி போலிருக்கும் மாக்னசைட். ஆலிவின் என்ற பச்சைத் தாது நிறைந்த பாறையில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, வெள்ளை நரம்புகளாக உறைந்தது அது. அதே ஆலிவினோடு வெந்நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கூடினால் மீத்தேன். கடலடிப் பாறைகளில் இன்றும் நடக்கிற சங்கதி. உயிரே தேவையில்லை.

அதனால்தான் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு மீது கண். பூமியில் இதைப் பெருமளவு தருவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். மெரினாவில் இறங்கியதும் மூக்கில் ஏறும் வாடையில் இதற்கும் பங்குண்டு. 2025 ஏப்ரல் 17 அன்று, சித்திரை பிறந்த அதே வாரத்தில், இந்த வாயுவோ இதன் நெருங்கிய உறவோ கே2-18பியில் தென்படுகிறது என்று மதுசூதன் குழு அறிவித்தது. வெப் பிடித்த ஒளி அங்கிருந்து கிளம்பி 124 வருடம் ஆகியிருந்தது. கொடைக்கானல் ஆய்வகம் சூரியனைப் பார்க்கத் தொடங்கிய காலத்து ஒளி!

இந்தச் சாயல் வெறும் தற்செயலாக அமைய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு என்று அவர்களே சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள, அந்த வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்க வேண்டும். அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது சாயல் மங்கியது. போதாக்குறைக்கு, உயிரில்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் இந்த வாயுவின் தடம் முன்பே தெரிந்திருந்தது. அப்படியும் இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1855இல் சென்னை நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே கோள் இருக்கலாம் என்று எழுதினார். வேற்றுச் சூரியனுக்குக் கோள் உண்டென்று அளவீட்டோடு வந்த முதல் கூற்றுகளில் ஒன்று அது. அந்தக் கோள் இல்லை என்றே பின்னால் முடிவானது. கே2-18பிக்கோ இன்னும் வாய்தா ஓடுகிறது. 33 நாளுக்கு ஒருமுறை அது நட்சத்திரத்தின் குறுக்கே வரும். வெப் அந்தப் பக்கம் திரும்ப முடிகிற மாதத்தில் வந்தால் இன்னொரு சொட்டுக் குழம்பு கிடைக்கும்.