தண்ணீர் ரயில் வருமுன் சில கணக்குகள்

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில், வேகனுக்கு 50,000 லிட்டர் வீதம் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர். 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கும் மீரஜிலிருந்து இப்படித்தான் தண்ணீர் போயிற்று. ரயில்வேயில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தக் கோடையில் சென்னைக்குக் குறைத்து வழங்கிய தண்ணீரே நாளொன்றுக்குச் சுமார் 52 கோடி லிட்டர். அதை ரயிலில் கொண்டுவர தினமும் 200 ரயில்களுக்கு மேல் ஓட வேண்டும்! ரயில் முதலுதவிதான், வைத்தியம் வேறு.

கடலோர மண்ணுக்கு அடியில்

கடலோரத்தில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் சற்றே கனமானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. மோட்டார் போட்டு இறைத்து அந்த மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் அளவு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு முறை உப்பேறிய நிலத்தடி நீர் எளிதில் திருந்தாது. போரை இன்னும் ஆழமாக்குவது உப்பை நாமே தேடிப் போவதாகும்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே?

ஆக்குகிறார்கள். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010லும், நெம்மேலியில் 2013லும் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. 2024ல் நெம்மேலியில் மேலும் 15 கோடி லிட்டர் ஆலை திறக்கப்பட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பிரிக்க, காற்றழுத்தத்தைப் போல் 55 முதல் 70 மடங்கு அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே நீரைத் தள்ள வேண்டும். 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். இழுத்த நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்பும். மீனவர்களின் கவலை அதுதான். பெருநகரத்துக்கு இது தேவை. ஆனால் வானம் உப்பு நீக்கி இலவசமாகத் தருவதைச் சாக்கடையில் விட்டுவிட்டு இதை நம்பியிருப்பது சிக்கனம் ஆகாது.

கூரைக் கணக்கு

1000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். சென்னையில் ஆண்டுக்கு 1300 மி.மீ. பெய்தால் 1,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 95,000 லிட்டருக்கு மேல் தேறும். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதத் தேவை!

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை 200 மி.மீ.க்கும் குறைவு. 180 மி.மீ. பெய்தாலும் அதே பரப்பில் 13,000 லிட்டர் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு ஓராண்டுக்குப் போதும். அங்கே கிராமத்தார் இதைத் தரைக்கடியில் 'டாங்கா' என்னும் மூடிய தொட்டியில் சேமிக்கிறார்கள். வறண்ட நிலத்தில் தொட்டி. மணற்பாங்கான கடலோரத்தில் மண்ணே தொட்டி. வேறுபாடு இவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியது

நம்மில் பலர் ஊரில் வீட்டைப் பூட்டிவைத்தோ வாடகைக்கு விட்டோ இங்கே வசிக்கிறோம். 2003ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழி, இன்று சேறு அடைத்துக் கிடக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஐப்பசி மழைக்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாய் குழிவரை இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள்.
3. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். கழிவுநீர் எதையும் குழியில் விடாதீர்கள்.
4. பழைய கிணற்றைத் தூர்க்காதீர்கள். வடிகட்டிய மழைநீரை அதில் விடுங்கள்.

இறங்கும் நீர் நம் மனைக்குள்ளேயே நிற்காது. அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் போகும். தெருவே சேர்ந்து செய்தால் தெருவே பிழைக்கும். நாம் எங்கே இருந்தாலும், ஊரில் நம் பெயரில் உள்ள அந்தக் கூரைக்குப் பொறுப்பு நாம்தான்.