ஆறு கோழியும் ஒரு கணக்குப் புத்தகமும்

2022 கடைசியில் முட்டைக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கடைக்குப் போனால் முட்டை அடுக்கு காலியாகக் கிடக்கும். வந்தாலும் ஆளுக்கு ஒரு தட்டுதான். நாமக்கல்லில் இருந்தெல்லாம் முட்டை இறக்குமதி ஆன காலம் அது. ஒருநாள் வெறுங்கையோடு வீடு திரும்பியபோது அம்மா சொன்னார்: "தோட்டத்துல இருந்த வரைக்கும் முட்டைய காசு குடுத்து வாங்குனதே இல்ல பாப்பா. நாலு கோழிய வாங்கிப் போடு. மிச்சம் மீதிய போட்டாலே அது பாட்டுக்கு முட்டை வைக்கும்."

சுங்கைப் பட்டாணியில் எங்களுடையது முனை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. நான் கணக்காய்வு வேலை பார்ப்பவள். எதற்கும் ஒரு புத்தகம் போட்டு எழுதிவைப்பது தொழில் புத்தி. 2023 ஜனவரியில் முட்டையிடத் தயாராக இருந்த பழுப்பு நிறக் கலப்பினக் கோழி நான்கும், கம்போங் கோழி இரண்டும் வாங்கினோம். கூண்டுக்கு மட்டும் 640 ரிங்கிட். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிய தொகை அது.

கோழிக்குஞ்சு வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்குமே என்று பலர் கேட்டார்கள். கலப்பினக் குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர நான்கரை மாதம் ஆகும். அதற்குள் ஆறேழு கிலோ தீனி தின்றுவிடும். முதல் வாரத்தில் 35 பாகை வெப்பம் தரும் விளக்கு வேண்டும். அதில் எத்தனை பிழைக்கும் என்பது வேறு. முதன்முறை வளர்ப்பவர்கள் வளர்ந்த கோழியாகவே வாங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

முதல் வாரம் பண்ணைக்காரர் கொடுத்தனுப்பிய தீனி இருந்தது. நாளுக்கு நான்கு முட்டை வந்தது. அது தீர்ந்ததும் அம்மாவின் முறைக்கு மாறினோம். பழைய சோறு, காய்கறித் தோல், காலைச் சந்தையில் சும்மா கொடுக்கும் தேங்காய்ச் சக்கை. பக்கத்து வீட்டு மாக்சிக் தினமும் ஒரு கிண்ணம் நாசி லெமாக் மிச்சம் கொடுப்பார். செலவுப் பக்கத்தில் பூஜ்யம் எழுதுவது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் முட்டை இரண்டாகக் குறைந்தது. பிறகு ஒன்று. ஓடு காகிதம்போல் மெலிந்து, எடுக்கும்போதே விரல் உள்ளே போனது. மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், செவலை என்று அம்மா பெயர் வைத்திருந்த கோழி மூலையில் நின்று முக்கிக்கொண்டே இருந்தது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, இரவு ஒரு மணிவரை மடியில் வைத்திருந்தார். காலையில் அது இறந்து கிடந்தது. அம்மா அன்று யாரிடமும் பேசவில்லை.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தீனிக்கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெரியவர் என் பட்டியலைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இதில் முட்டைக்கு வேண்டியது எங்கே இருக்கிறது?"

கணக்காகவே பார்ப்போம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ஓட்டில் மட்டும் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. இது ஒவ்வொரு நாளும் கோழியின் உடம்பிலிருந்து வெளியே போவது. 100 கிராம் சோற்றில் உள்ள புரதமோ இரண்டரை கிராம் சொச்சம். சுண்ணாம்பு இல்லையென்றே சொல்லலாம். வரவைவிடச் செலவு கூடினால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் சேமிப்பில் ஓடும். கோழிக்குச் சேமிப்பு அதன் எலும்புதான். செவலை தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்துகொண்டிருந்திருக்கிறது. முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதுவும் அதனிடம் இல்லை.

அப்படியானால் தோட்டத்துக் கோழி எப்படி முட்டையிட்டது? அம்மாவிடம் இதைக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னபோதுதான் விளங்கியது. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. சாணியைக் கிளறினால் புழு. ரப்பர் மரத்தடியில் விழுந்து மக்கிய கட்டையில் கரையான். மழை விட்டதும் ஈசல். கோழி காலை ஆறு மணிக்கு வெளியே போனால் பொழுது சாயத்தான் கூடு திரும்பும். பாட்டி ஒரு பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைப்பாராம். மறுநாள் திருப்பினால் உள்ளே கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் முதல் தீனி. வீட்டில் இருந்து போட்ட சோறு, சாயங்காலம் கோழியைக் கூட்டுக்கு அழைப்பதற்கு மட்டும்.

ஆக, தோட்டத்துக் கோழிக்குத் தீனி போட்டது மிச்சச் சோறு அல்ல, அந்த நிலம். தோட்டத்தை விட்டு வரும்போது நாம் தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றினோம். நிலத்தை ஏற்றிவர முடியவில்லை. தாமான் வீட்டில் பத்துக்கு ஆறு அடிக் கூண்டில் கோழிக்கு எந்தக் கரையான் கிடைக்கும்?

ஏப்ரலில் முட்டைக்கோழித் தீனி வாங்க ஆரம்பித்தேன். 16 முதல் 18 விழுக்காடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்தது. எங்கள் கடையில் 25 கிலோ மூட்டை 68 ரிங்கிட். மூன்றே வாரத்தில் முட்டை திரும்பி வந்தது. ஆனால் மூட்டை 25 நாளில் தீர்ந்தது. செவலைக்குப் பதில் வேறொன்று வாங்கியிருந்ததால் மறுபடியும் ஆறு கோழி. அப்படியானால் தலைக்கு நாளொன்றுக்கு 167 கிராம். முட்டைக்கோழி தின்பது 110 முதல் 120 கிராம்தான். மீதி எங்கே?

ஒரு சனிக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தட்டில் கொட்டிய தீனியைக் கோழி காலால் வாரி இறைத்தது. மைனாக்கள் கம்பி இடுக்கில் நுழைந்து விருந்து சாப்பிட்டன. இரவில் எலி. மூட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு நான் ஊர் எலிக்கும் மைனாவுக்கும் படியளந்திருக்கிறேன்! நான்கு அங்குல பிவிசி குழாயை வளைவு மூட்டோடு பொருத்தி, வாய்ப்பகுதி கோழியின் முதுகு உயரத்துக்கு வருமாறு கட்டினேன். குனிந்து கிளற முடியாது, நீட்டித் தின்ன மட்டும் முடியும். இரவில் மூடி போட்டுவிடுவேன். கூண்டைச் சுற்றி அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. அடுத்த மூட்டை 37 நாள் வந்தது. மாதத்துக்கு 82 ரிங்கிட்டாக இருந்த தீனிச் செலவு 55 ஆனது. மலிவுத் தீனி தேடி அலைவதற்கு முன் இதை முதலில் செய்யுங்கள்.

அதன் பிறகுதான் சும்மா கிடைப்பவை. ஐந்தில் நான்கு பங்கு மூட்டைத் தீனி, ஒரு பங்குதான் மற்றவை என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு பங்கிலும் புரதம் உள்ளதற்கு முதலிடம்.

காலைச் சந்தையில் தவ்ஃபூ செய்பவர் சோயாச் சக்கையை வாளியோடு கொடுத்துவிடுகிறார். காய்ந்த எடையில் கால்பங்கு வரை புரதம் உள்ள பொருள் அது. ஆனால் பாலைப் பிழிந்தெடுத்த பிறகே காய்ச்சுபவர்களிடம் சக்கை பச்சையாக இருக்கும். பச்சைச் சோயா கோழிக்குச் செரிக்காது. நான் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்தே போடுகிறேன். அன்றே தீர்க்க வேண்டும், மறுநாள் புளித்துவிடும். தேங்காய்ச் சக்கையும் அப்படித்தான். அதில் கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு பிடிக்கு மேல் போடுவதில்லை. நெத்திலித் தலையைத் தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகுதான்.

இன்னொன்று புழு. முகம் சுளிக்காதீர்கள். குளவிபோல் ஒல்லியாக, கறுப்பாக ஓர் ஈ காய்கறிக் குப்பையைத் தேடி வரும். கருப்புப் படைவீரர் ஈ என்பார்கள். சாப்பாட்டில் மொய்க்கும் வீட்டு ஈ வேறு, இது வேறு. துளையிட்ட வாளியில் காய்கறித் தோலைப் போட்டு நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்த புழுக்கள் கிடைக்கும். காய்ந்த எடையில் 40 விழுக்காடு அளவுக்குப் புரதம். இறைச்சி, மீன் கழிவை வாளியில் போடாதீர்கள், நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் பதில் சொல்லுவார்கள். முதன்முறை அந்தப் புழுவைப் பார்த்ததும் அம்மா சிரித்துவிட்டார். "பாட்டியோட பானைதான் இது. வாளில வச்சிருக்க."

அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. தீனிச் செலவு பாதியாகிவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். நானும் தொட்டி கட்டினேன். காய்ந்த அசோலாவில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு என்பது சரிதான். ஆனால் பச்சையாக 100 கிராம் போட்டால் அதில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். மஞ்சள் கரு நல்ல நிறமாக வந்தது, மூட்டை ஒருநாள்கூட அதிகம் வரவில்லை. கங்கோங், முருங்கைக் கீரையும் அதே நிறத்தைத் தரும். தொட்டியில் இப்போது கொசுவை ஒழிக்க மீன் விட்டிருக்கிறேன்.

முட்டை ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டியில் சூடாக்கி, ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தீனியோடு கலப்பதில்லை. முட்டையிடும் கோழி தேவையானதைத் தானே கொத்திக்கொள்ளும். பூஞ்சை பிடித்த ரொட்டி, கடலை, சோளம் எதையும் வீணாகிறதே என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். மரவள்ளித் தோலையும் இலையையும் பச்சையாகப் போடக் கூடாது. மாக்சிக்கிடம் உப்பும் சம்பாலும் பட்டது வேண்டாம் என்று சொல்லத் தயங்கினேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வெறும் சோறும் வெள்ளரித் தோலும் தருகிறார், மாதம் பத்து முட்டை வாங்கிக்கொள்கிறார்.

நம் ஊர் உச்சி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீனி எடுக்காது. அதனால் விடிந்ததும் ஒரு பங்கு, நாலரை மணிக்கு மேல் ஒரு பங்கு. தண்ணீர் நிழலில் இருக்க வேண்டும். மதியம் ஒருமுறை மாற்றுவேன். தண்ணீர் ஒருநாள் தவறினால் முட்டை பல நாள் தவறும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். குப்பி நூறு கோழிக்கான அளவில்தான் கிடைக்கிறது, கரைத்தால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் கோழி வளர்க்கும் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் கண்ணில் சொட்டு விட்டுக்கொள்கிறோம். தலைக்குச் சில காசுதான் ஆகிறது. காரணம் தெரியாமல் அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் புதைத்துவிட்டு இருந்துவிடாமல் கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் நகராண்மைக் கழகத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது. சேவல் நாங்கள் வைக்கவில்லை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியற்காலை நான்கு மணிக்குத் தாமானை எழுப்பவும் தேவையில்லை.

கணக்குக்கு வருவோம். இப்போது ஒரு மூட்டை 45 நாள் வருகிறது. மாதம் 45 ரிங்கிட். கலப்பினக் கோழிகள் நன்றாகவும் கம்போங் கோழிகள் மனம்போனபடியும் இடுவதில் மாதம் 120 முட்டை. தீனிக் கணக்கில் முட்டைக்கு 38 காசு. நாங்கள் தொடங்கிய 2023-இல் ஏ தர முட்டையின் உச்ச விலை 45 காசு. வித்தியாசம் முட்டைக்கு 7 காசு, மாதத்துக்கு 8 ரிங்கிட் 40 காசு. இந்த வேகத்தில் 640 ரிங்கிட் கூண்டு தன் விலையை மீட்க ஆறு வருடத்துக்கு மேலாகும். மருந்தும் என் உழைப்பும் இதில் சேரவில்லை. பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்துக் கோழி வாங்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கான அரசு உதவித்தொகையும் நின்றுவிட்டது. விலை ஏறினால் என் கணக்கு தேறும். அதை எதிர்பார்ப்பது எனக்கே நன்றாக இல்லை.

புத்தகத்தில் இல்லாத சிலதை அம்மா செய்கிறார். இரவில் கோழிகள் ஏறிப் படுத்த பிறகு ஒவ்வொன்றின் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பார்க்கிறார். நிறைந்திருந்தால் தின்றிருக்கிறது. காலியாக இருந்தால் மற்றவை விரட்டியிருக்கின்றன, அல்லது நோய். சென்ற வருடம் ஒரு கோழிக்குக் கொண்டை வெளுத்திருப்பதை எனக்கு முன்பே கண்டு தனியே பிரித்துவைத்தார். பிழைத்துக்கொண்டது. செவலைக்கு ஏன் அப்படி ஆனது என்று நான் விளக்கியதில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் ஓட்டுப் பொடிக் கிண்ணம் காலியாவதற்கு முன் தானே நிரப்பிவிடுகிறார்.

புத்தகத்தில் இப்போது அவர் கையெழுத்தும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். முந்தாநாள் எழுதியிருந்தது: "முட்டை 4. கருப்பி இடல. அடைக்கு உக்காந்துருச்சி. கரு முட்டை 8 வாங்கணும்." எட்டுக் குஞ்சுக்குத் தீனி என்ன ஆகும் என்று ஓரத்தில் நான் கணக்குப் போட்டிருந்தேன். பக்கத்தில் அம்மா எழுதியிருக்கிறார்: "பழைய பானை ஒண்ணு பாரு."