உஷார்! வேலை உங்களுக்கா, உங்கள் சொந்தக்காரர்களுக்கு வலையா?

கல்லூரி ரிசல்ட் வந்ததும் அரியலூர், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு சுவர்களிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களிலும் ஒரே அச்சில் வார்த்த விளம்பரங்கள் முளைக்கும். ‘எந்த டிகிரியும் போதும். அனுபவம் தேவையில்லை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். கைநிறையச் சம்பளம். உடனே சேரலாம்.’ அடியில் ஒரு செல் நம்பர். கம்பெனி பெயர் இருக்காது. என்ன வேலை என்பதும் இருக்காது. இதை நம்பி திருச்சிக்கும் சென்னைக்கும் ரயில் ஏறத் தயாராகும் தம்பி, தங்கைகளே, டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் பக்கம் சிமென்ட் ஆலை உண்டு, சுண்ணாம்புக்கல் சுரங்கம் உண்டு. ஆனால் வருஷா வருஷம் பி.காம், பி.ஏ., பி.இ. முடித்து வெளியே வருகிற அத்தனை பேருக்கும் அங்கே இடம் கிடையாது. “இன்னும் வேலைக்குப் போகலையா?” என்று கல்யாண வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பயந்தே கிடைத்த நம்பருக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய. இப்படி விளம்பரம் போடும் கும்பல்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

போனதும் இன்டர்வியூ. ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று இரண்டே கேள்வி. உடனே ‘செலக்டட்’. பதவி ‘மேனேஜ்மென்ட் டிரெய்னி’ அல்லது ‘அசோசியேட்’. கோட்டும் டையும் கட்டிய ஒருவர், ஆறு மாதத்தில் கார் வாங்கிய கதையைச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். அதன் பிறகுதான் பணப் பேச்சு வரும். பயிற்சிக் கட்டணம், கிட், யூனிஃபார்ம், பதிவுக் கட்டணம் என்று ஏதோ ஒரு பெயரில் சில ஆயிரங்கள். சில இடங்களில் அது லட்சத்தைத் தொடும். மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், “பிசினஸ் பண்ண வந்துட்டு சம்பளம் கேக்குறியே?” என்று சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரையும் நம்பரையும் எழுதச் சொல்வார்கள். மாமா, சித்தப்பா, கூடப் படித்தவன், டியூஷன் டீச்சர் எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். மொத்த விஷயமும் இந்த நோட்டில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் டிகிரி இல்லை, உங்கள் செல்போனில் இருக்கும் உறவுகள். முதலில் அவர்கள் தலையில் ஒரு பொருளையோ பாலிசியையோ கட்ட வைப்பார்கள். பிறகு அவர்களையே உங்களுக்குக் கீழே ‘டவுன்லைன்’ ஆகச் சேர்க்கச் சொல்வார்கள். நோட்டில் பெயர்கள் தீர்ந்ததும் உங்கள் வேலையும் தீர்ந்துவிடும். போட்ட பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த பொங்கலுக்கு மாமா வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பீர்கள்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளராகச் சேர்வதற்கு எந்த நுழைவுக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்குக் கமிஷன் தரும் பிரமிட் திட்டம் கூடவே கூடாது. முன்அனுமதியும் அடையாள அட்டையும் இல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அனுப்புகிறார்களே, அங்கே விதியை மீறுகிறவராக முன்னால் நிற்பது நீங்கள்தான். இன்னும் மோசமான சங்கதி ஒன்று உண்டு. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், நடத்துகிறவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. அதில் சேர்வதும் பங்கெடுப்பதும்கூடக் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. ஏமாந்த பையன் நண்பனைச் சேர்த்துவிட்ட மறுநிமிடமே புகாரில் எதிரியாகிவிடலாம்.

இப்படி ஒரு வேலைக்குப் போனவர்களின் கதை இது. 2023 மார்ச் 16 அன்று செகந்திராபாத் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் தீப்பிடித்தது. புகையில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்தவர்கள். வாரங்கல், மகபூபாபாத், கம்மம் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். க்யூநெட் என்ற வலைப்பின்னல் விற்பனை நிறுவனத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட அலுவலகம் அது. வேலைக்காக லட்சக்கணக்கில் பணம் கட்டியிருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். தீ ஒரு விபத்து. ஆனால் சம்பளம் வாங்க வேண்டிய வயதில் பணம் கட்டி அந்த மாடிக்கு ஏறியது விபத்து இல்லையே.

கடல் தாண்டினால் கதை இன்னும் பயங்கரம். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று இந்திய இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இந்தப் பதவிப் பெயரைக் குறிப்பிட்டு எச்சரித்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவன் யாராக இருந்தாலும், சொந்த மச்சானே ஆனாலும், நம்பாதீர்கள்.

விற்பனை வேலையே கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துக் கம்பெனி ரெப்களும் நுகர்பொருள் கம்பெனி சேல்ஸ் ஆட்களும் கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்கு நிலையான சம்பளம் உண்டு, அதற்கு மேல்தான் இன்சென்டிவ். ஆகவே இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஒன்றுமே விற்காத மாதத்தில் என் கணக்கில் எவ்வளவு ஏறும்? பி.எஃப். பிடிப்பீர்களா? பணிநியமனக் கடிதம் எப்போது கையில் வரும்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்தக் கடிதத்தைக் கொடுக்கச் சொல்கிறது. அதைத் தராமல் ‘அசோசியேட் ஒப்பந்தம்’ என்று ஒரு தாளை நீட்டினால், நீங்கள் அவர்களுடைய ஊழியரே இல்லை என்று எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

இங்கேயே வேலை வரப்போகிறது என்ற பேச்சிலும் கவனம் தேவை. பெரம்பலூர் எறையூரிலும் ஜெயங்கொண்டம் பக்கமும் காலணி ஆலைகள் வருவதால், “ஷூ கம்பெனியில் நான் போட்டுத் தருகிறேன்” என்று கமிஷன் கேட்கும் புரோக்கர்கள் கிளம்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும், அரசின் தமிழ்நாடு தனியார் வேலை இணையதளத்துக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? வீட்டில் மறைக்காதீர்கள். “விட்ட காசை இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து எடுத்துடலாம்” என்று உங்களைச் சேர்த்துவிட்ட ‘அப்லைன்’ ஆள் பேசும் பேச்சுக்கு மயங்காதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கையெழுத்துப் போட்ட தாள் எதையும் அழித்துவிட வேண்டாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நேரில் கொடுத்திருந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அந்த நூறு பேர் நோட்டில் யார் யார் பெயரை எழுதினீர்களோ, அவர்களுக்கும் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.